சாப்பாடும் சங்கீதமும் யாருக்கு?

மார்கழி பிறந்தால் சென்னை நகரில் சங்கீத சீசனும் பிறந்துவிடுகிறது. 1927ஆம் ஆண்டு இறுதியில் காங்கிரஸ் மகாசபை சென்னையில் கூடியது. அதையொட்டி இசை மாநாடு ஒன்றும் நடந்தது. அந்த மாநாட்டின் பயனாக 1928ஆம் ஆண்டில் மியூசிக் அகாடமி தோன்றியது. அன்று முளைத்த டிசம்பர் விழா இன்று நகரத்தின் பல பாகங்களிலும் உள்ள சபாக்களில் கிளை பரப்பி நிற்கிறது. காலையில் சங்கீதப் பிரசங்கம், மதியம் இளம் வித்வான்களின் கச்சேரி, மாலையிலும் இரவிலும் பெயர் பெற்ற வித்வான்களின் கச்சேரி என்று நாள் முழுவதும் நடக்கிறது. 2017ஆம் ஆண்டில் யுனெஸ்கோ ஸ்தாபனம், இசையில் சிறந்த உலக நகரங்களின் வரிசையில் சென்னையைச் சேர்த்தது.

சபா என்றால் கச்சேரி மட்டுமல்ல, காண்டீனும் உண்டு. வாழை இலை போட்டு விருந்துச் சாப்பாடு, மாலையில் கீரை வடை, வாழைக்காய் பஜ்ஜி, அல்வா, டிகிரி காப்பி. சனி ஞாயிறுகளில் கூட்டம் நெரியும். நண்பர்களும் உறவினர்களும் பேசி வைத்துக்கொண்டு வருகிறார்கள். சாப்பிடுகிறார்கள். பாட்டுக் கேட்கிறார்கள். நேற்றுப் பாடியவரையும் இன்று பாடியவரையும் ஒப்பிட்டு விவாதம் செய்கிறார்கள். பாட்டு முடிந்து மிருதங்க வித்வானின் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் எழுந்து காண்டீனுக்கு நடப்பவர்களும் உண்டு. காலி நாற்காலிகளுக்கு முன்னால் அந்த வித்வான் தாளக் கணக்கைக் கொட்டி முழக்குகிறார்!

இதைக் கண்டு நாம் பொறாமைப்படவில்லை. பழிக்கவுமில்லை. நல்ல சாப்பாடு, நல்ல பாட்டு, நாலு பேரோடு கூடியிருந்து சிரித்துப் பேசுதல் ஆகிய மூன்றும் மனிதனாகப் பிறந்த ஒவ்வொருவருக்கும் வேண்டியவையே. நமது கேள்வி ஒன்றே ஒன்றுதான். ஆலைத் தொழிலாளிக்கும் விவசாயத் தொழிலாளிக்கும் இப்படி ஒரு சனி ஞாயிறு ஏன் கிடைப்பதில்லை? 

ஊதாரிப் பட்டம்

தொழிலாளி ஒரு நாள் குடும்பத்தோடு ஹோட்டலுக்குப் போனால் போதும், பட்டம் கட்ட ஆட்கள் தயாராக இருக்கிறார்கள். “கூலி போதவில்லை என்கிறான், ஹோட்டலில் போய்த் தின்கிறான்” என்பது முதலாளி தரப்பின் பேச்சு. கூலி உயர்வுப் பேச்சு வார்த்தையிலேகூட இந்தச் சொல்லடி விழுவதை நாம் கேட்டிருக்கிறோம். முதலாளி தரப்பு அப்படிப் பேசுவதில் ஆச்சரியமில்லை. நம்மவர்களில் சிலரும் அதே பல்லவியைப் பாடுவதுதான் வருந்தத்தக்கது. “போராட வேண்டிய நேரத்தில் பரோட்டாவும் பாட்டுக் கச்சேரியுமா?” என்று கேட்கிறார்கள்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு குடும்பத்தில் நான்கு பேர். ஆளுக்கு 100 ரூபாய்க்குச் சாப்பிடுவதாக வைத்துக்கொண்டால் 400 ரூபாய் ஆகிறது. ஜி.எஸ்.டி. பில் போடும் ஹோட்டலென்றால் நூற்றுக்கு 5 வீதம் சேர்ந்து 420 ரூபாய். நாளொன்றுக்கு 500 ரூபாய் கூலி வாங்குகிறவருக்கு இது கிட்டத்தட்ட ஒரு முழு நாள் உழைப்பு. அதே சாப்பாட்டைச் சாப்பிடுகிற ஆலை அதிபருக்கு அது பையில் கிடக்கிற சில்லறை. வரி மட்டும் இருவருக்கும் ஒன்றே. ஒரு நாள் உழைப்பைக் கொடுத்துத் தன் பிள்ளைகளுக்கு நெய் ரோஸ்ட் வாங்கிக் கொடுக்கிறவனை ஊதாரி என்று சொல்ல யாருக்கு யோக்கியதை இருக்கிறது?

உழைப்பாளி உயிரோடிருக்கும் அளவுக்குத் தின்றால் போதும், மறுநாள் வேலைக்கு வரும் அளவுக்குத் தூங்கினால் போதும் என்பது மாட்டுக்கு வைக்கும் கணக்கு. மனிதனுக்கு அந்தக் கணக்குச் செல்லாது.

மூன்றாவது எட்டு மணி

1886ஆம் ஆண்டு மே மாதம் சிகாகோ நகரத் தொழிலாளர்கள் எட்டு மணி வேலை கேட்டு நின்ற கதை நமக்குத் தெரியும். ஒரு நாளின் 24 மணி நேரத்தை அந்தத் தொழிலாளர்கள் மூன்று கூறாகப் பிரித்தார்கள். முதல் எட்டு மணி வேலைக்கு. இரண்டாவது எட்டு மணி ஓய்வுக்கு. மூன்றாவது எட்டு மணி எதற்கு? அவரவர் மனம் விரும்பியதற்கு! குழந்தையோடு விளையாடவும், படிக்கவும், கூட்டம் போடவும், நண்பர்களோடு சாப்பிடவும், பாட்டுக் கேட்கவும். ஆகவே பாட்டும் விருந்தும் போராட்டத்துக்குப் புறம்பான சங்கதிகள் அல்ல. மே தினக் கோரிக்கையின் மூன்றில் ஒரு பங்கு அவைதான். 1923ஆம் ஆண்டு மே முதல் நாள் சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் மே தினக் கூட்டம் நடத்தியபோது இந்த மூன்றாவது எட்டு மணிக்கும் சேர்த்துத்தான் நடத்தினார்.

ஞாயிற்றுக்கிழமை விடுமுறையும் ஆகாயத்திலிருந்து விழவில்லை. பம்பாயில் நாராயண மேகாஜி லோகண்டே என்பவர் 1884ஆம் ஆண்டில் ஆலைத் தொழிலாளர் சங்கம் ஒன்றை அமைத்தார். வாரத்தில் ஒரு நாளாவது ஓய்வு வேண்டும் என்பது அவருடைய முக்கியமான கோரிக்கை. பல ஆண்டுகள் மனுக் கொடுத்தும் பொதுக்கூட்டம் போட்டும் போராடிய பிறகு, 1890ஆம் ஆண்டு ஜூன் 10ஆம் தேதி பம்பாய் ஆலை முதலாளிகள் ஞாயிறு விடுமுறைக்கு இணங்கினார்கள். 1891ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தில் வார விடுமுறை இடம் பெற்றது. ஆனால் வேலை நேரம் சுலபமாகக் குறையவில்லை. 1911ஆம் ஆண்டுச் சட்டம் பஞ்சாலை ஆண் தொழிலாளிக்கு 12 மணி என்றது. 1922இல் 11 மணி ஆயிற்று. 1934இல் 10 மணி. வாரத்துக்கு 48 மணி என்ற நிலைக்கு வர 1946ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு மணி நேரத்தையும் தொழிலாளி வர்க்கம் கதவடைப்புக்கும் தடியடிக்கும் சிறைக்கும் ஈடு கொடுத்துத்தான் மீட்டிருக்கிறது.

நம்முடைய மண்ணிலேயே பாருங்கள். 1918ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் பெரம்பூர் வட்டாரத்தில் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. செல்வபதி செட்டியார், ராமானுஜலு நாயுடு, பி. பி. வாடியா, திரு. வி. க. ஆகியோர் அதை வளர்த்தவர்கள். பக்கிங்காம், கர்நாடிக் ஆலைத் தொழிலாளர்கள் அன்று முன்வைத்த முதல் குறைகளில் ஒன்று, மதியச் சாப்பாட்டு நேரம் போதவில்லை என்பதாகும். அரை மணி நேரத்தில் கை கழுவி, சாப்பிட்டு, ஓடி வந்து யந்திரத்தின் முன் நிற்க முடியவில்லை! ஆற அமர உட்கார்ந்து சாப்பிடவேண்டும் என்ற ஆசை ஒரு சங்கம் பிறக்கக் காரணங்களில் ஒன்றாயிற்று. சாப்பாடு சின்ன விஷயம் என்று யாராவது சொன்னால் இந்தச் சரித்திரத்தை அவருக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

தூங்கிப் போன காதுகள்

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் சனிக்கிழமைதான் சம்பள நாள். சில மாதங்களுக்கு முன் அங்கே ஒரு சனிக்கிழமை இரவு கிளைக் கூட்டம் முடிந்ததும் தோழர்கள் ஏழெட்டுப் பேரோடு நாம் பக்கத்துப் பரோட்டாக் கடைக்குப் போனோம். கட்டிங் மாஸ்டர், பவர் டேபிள் டெய்லர், செக்கிங் வேலை செய்யும் அம்மா ஒருவர், அவருடைய மகன் என்று எல்லாரும் ஒரே பெஞ்சில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தோம். ஒருவர் இலையிலிருந்து இன்னொருவர் பிய்த்துக்கொள்வதும், சால்னாவுக்குச் சண்டை போடுவதும், கம்பெனி மேனேஜரைப் போலப் பேசிக் காட்டிச் சிரிப்பதுமாக அரை மணி நேரம் போனது தெரியவில்லை.

பிறகு மாரியம்மன் கோயில் நோம்பிக்கு ஏற்பாடாகியிருந்த இன்னிசைக் கச்சேரிக்குப் போனோம். கீபோர்டு, தபேலா, டிரம்ஸ், இரண்டு பாடகர்கள், ஒரு பாடகி. பாடகர்களில் ஒருவர் பகலில் சரக்கு ஆட்டோ ஓட்டுகிறவர். ஜமுக்காளம் கிடையாது, மண் தரைதான். பாட்டு நன்றாகவே இருந்தது. ஆனால் பத்து மணிக்குள் நம்மோடு வந்தவர்களில் பாதிப் பேர் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டார்கள். பாட்டுப் பிடிக்காமலா? இல்லை. ஆர்டர் அவசரமென்று அந்த வாரம் முழுவதும் அவர்கள் ஒன்றரை ஷிப்டு பார்த்தவர்கள். தினம் 12 மணி நேரம்! காது விழித்திருக்க விரும்பினாலும் உடம்பு விடவில்லை.

2023ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் தேதி தமிழ்நாடு சட்டசபையில் ஒரு திருத்த மசோதா நிறைவேறியது. வேலை நேரத்தை 12 மணி வரை நீட்டிக்க அது வழி செய்தது. “வாரத்துக்கு 48 மணிதானே? நான்கு நாள் வேலை செய்துவிட்டு மூன்று நாள் ஓய்வெடுக்கலாமே?” என்று இனிப்புத் தடவிச் சொன்னார்கள். தொழிற்சங்கங்கள் கொடி வேறுபாடு பாராமல் எதிர்த்து நின்றன. மூன்றே நாளில் மசோதா நிறுத்தி வைக்கப்பட்டது. மே தினத்தன்று அது திரும்பப் பெறப்பட்டதாக அறிவிப்பு வந்தது. அந்த வெற்றி வேலை நேரத்தைக் காப்பாற்றியது மட்டுமல்ல, மாலைப் பொழுதையும் காப்பாற்றியது.

12 மணி நேரம் நின்று உழைத்த உடம்பு பாட்டுக் கேட்க உட்காராது, சாய இடம் தேடும். அந்த நேரத்தில் ஆலைக்குப் பக்கத்தில் அதற்குக் கிடைப்பது என்ன? பூங்கா இல்லை. படிப்பகம் இல்லை. அரங்கம் இல்லை. 2003ஆம் ஆண்டு முதல் சர்க்காரே சில்லறை விற்பனை செய்கிற மதுக்கடை இருக்கிறது! பாட்டுக்கு விழிப்பான காது வேண்டும், நண்பர்களோடு சாப்பிடப் பொழுது வேண்டும். போதைக்கு இரண்டும் வேண்டியதில்லை, கால் மணி நேரம் போதும். ஓய்வைப் பறித்துக்கொண்டு, பிறகு “தொழிலாளி குடித்துக் கெடுகிறான்” என்று உபதேசம் செய்வது எந்த ஊர் நியாயம்?

ஞாயிறே இல்லாதவர்கள்

ஞாயிற்றுக்கிழமை எல்லா உழைப்பாளிக்கும் ஒரே மாதிரி விடிவதில்லை. ஆலைக்குப் போகிற பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு நாள் அழுக்குத் துணி அந்த ஒரு நாளைக்குத்தான் காத்திருக்கிறது. ரேஷன் கடை, மாவு அரைத்தல், பிள்ளைகளுக்கு எண்ணெய்க் குளியல், கறி எடுத்து வந்து மசாலா அரைத்துக் குழம்பு வைத்தல். வீட்டில் உள்ள ஆண் “இன்று லீவு” என்று காலை நீட்டிப் படுக்கிறான். அவளுக்கோ அன்றுதான் ஓவர்டைம், அதுவும் கூலியில்லாத ஓவர்டைம். அவளுக்கு ஹோட்டல் சாப்பாடு என்பது நாக்கு ருசி மட்டுமல்ல. தான் சமைக்காமல், தான் பரிமாறாமல், சூடாக ஒருவர் கொண்டு வந்து வைக்க, உட்கார்ந்து சாப்பிடுகிற ஒரே ஒரு வேளை அது. இதை ஆடம்பரம் என்று சொல்கிற தோழர், அடுத்த ஞாயிறு அடுப்படியில் நின்று பார்க்கட்டும்.

நூற்பாலை விடுதிகளில் இருக்கும் இளம் பெண்களின் நிலை இன்னும் கொடுமை. மூன்று வருஷம் வேலை, முடிவில் கல்யாணச் செலவுக்கு மொத்தப் பணம் என்று சொல்லி ஆள் எடுத்த ‘சுமங்கலித் திட்டம்’ மேற்கு மாவட்டங்களில் பெற்ற கெட்ட பெயர் நாடறிந்தது. விடுதி வாசலைத் தாண்ட அனுமதி, கடைத்தெருவுக்குப் போகக் காவலுக்கு ஆள், போனில் பேசவும் கட்டுப்பாடு. பதினெட்டு வயதுப் பெண் தன் தோழிகளோடு போய் ஒரு ரோஸ் மில்க் குடித்துவிட்டு, கோயில் திருவிழாவில் பாட்டுக் கேட்டுவிட்டுத் திரும்ப முடியாதென்றால், அவள் கையில் கொடுக்கிற கூலி மட்டும் சுதந்திரமாகிவிடுமா?

இனி, சாப்பாடு போடுகிறவர்களைப் பற்றி யோசியுங்கள். ஊர் உண்ண வரும் நாள், ஹோட்டல் தொழிலாளி ஒடியும் நாள். சரக்கு மாஸ்டர், டீ மாஸ்டர், சர்வர், இலை எடுப்பவர், பாத்திரம் கழுவும் பெண் ஆகியோருக்கு ஞாயிற்றுக்கிழமைதான் வாரத்திலேயே கடுமையான நாள். 1958ஆம் ஆண்டிலேயே சென்னை ராஜ்யத்தில் உணவு விடுதிகளுக்கென்று தனிச் சட்டம் வந்தது. வாரத்துக்கு ஒரு நாள் முழு விடுமுறை அதில் எழுதப்பட்டது. எத்தனை கடைகளில் அது அமலில் இருக்கிறது? கடைக்கு மேலேயே படுக்கை, கடையிலேயே சாப்பாடு, ஊருக்குப் போனால்தான் லீவு என்பதுதானே நடைமுறை? அஸ்ஸாமிலிருந்தும் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்திருக்கும் இளைஞர்கள் நமக்குத் தோசை கொண்டுவந்து வைக்கிறார்கள். அவர்கள் மொழியில் ஒரு பாட்டை உட்கார்ந்து கேட்க அவர்களுக்கு எந்த நாள் ஓய்வு? கடைகளில் நிற்கும் தொழிலாளிக்கு உட்கார ஆசனம் தரவேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டம் செய்யவே 2021ஆம் ஆண்டு ஆயிற்று!

மேடையிலும் இதே கதைதான். முன்வரிசை வித்வானின் படம் சுவரொட்டியில் இருக்கிறது. பின்னால் உட்கார்ந்து மூன்று மணி நேரம் தம்பூரா மீட்டுகிறவர் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்? ஒலிபெருக்கிக்காரர், பந்தல் போடுகிறவர், நாற்காலி அடுக்குகிறவர் எல்லாரும் உழைத்தால்தான் அந்தப் பாட்டு நம் காதுக்கு வருகிறது.

விளைவித்தவன் வெளியே

விவசாயத் தொழிலாளிக்கு வார விடுமுறை என்ற பேச்சே கிடையாது. நடவுக்கும் அறுப்புக்கும் ஆள் வேண்டிய நாட்களில் ஞாயிறு, திங்கள் என்ற வித்தியாசமில்லை. மற்ற நாட்களில் வேலையே இல்லை. கூலியில்லாத நாளை விடுமுறை என்று சொல்ல முடியுமா? அது பட்டினி நாள். சம்பளத்தோடு கூடிய ஓய்வுக்குத்தான் விடுமுறை என்று பெயர்.

தஞ்சை மண்ணின் கதை நமக்குப் பெரிய பாடம். கர்நாடக சங்கீதத்தின் மும்மூர்த்திகளான தியாகராஜர், முத்துசாமி தீட்சிதர், சியாமா சாஸ்திரி ஆகிய மூவரும் பிறந்த ஊர் திருவாரூர். காவிரிக் கரையில் சங்கீதம் செழித்தது என்று புத்தகங்கள் புகழ்கின்றன. உண்மைதான். ஆனால் அந்தச் சங்கீதத்துக்குச் சோறு போட்டது எது? கோயில் நிலத்திலும் மடத்து நிலத்திலும் மிராசுதார் நிலத்திலும் விளைந்த நெல். அந்த நெல்லைச் சேற்றில் நின்று விளைவித்தவன் பண்ணையாள். சாணிப்பாலும் சவுக்கடியும் அவனுக்குப் பரிசு. 1940களில் பி. சீனிவாசராவும் தோழர்களும் கிராமம் கிராமமாகச் சங்கம் கட்டிப் போராடியபின், 1952ஆம் ஆண்டில்தான் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது.

மிராசுதார் வீட்டுக் கல்யாணத்தில் நாதசுரக் கச்சேரி நடக்கும். பந்தல் போட்டவன் பந்தலுக்கு வெளியே நிற்பான். இலை அறுத்தவனுக்கு இலை கிடையாது. கொல்லைப்புறத்தில் மிஞ்சியது கிடைக்கும். இப்படித் தள்ளி நிறுத்தப்பட்டவனுக்கு நாதசுரம் ஒன்றுதான் எட்டிய பெரிய சங்கீதம். ஏனென்றால் அது வீதியில் சாமி ஊர்வலத்தோடு போகும்போது அதன் ஒலியை எந்தச் சுவராலும் மறிக்க முடியவில்லை. மற்றபடி அவர்கள் பாடிய பாட்டெல்லாம் வேலையோடு சேர்ந்த பாட்டு. நடவுப் பாட்டு, ஏற்றப் பாட்டு, களத்துமேட்டுப் பாட்டு. வேலைக்கு வெளியே அவர்களுக்குப் பொழுது இருந்ததில்லை. ஆகவே வேலைக்குள்ளேயே பாடினார்கள்.

ஹோட்டல் வாசலிலும் இதே தடைதான் இருந்தது. ஒரு ஜாதிக்கு உள்ளறை, மற்றவர்க்கு வெளித்திண்ணை, தாழ்த்தப்பட்டோருக்கு வாசலும் இல்லை என்பது பல ஊர்களில் வழக்கமாக இருந்தது. 1950 ஜனவரி 26இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 15வது ஷரத்து இதற்கு முடிவு கட்டியது. கடைகள், பொது உணவு விடுதிகள், ஹோட்டல்கள், பொதுக் கேளிக்கை இடங்கள் ஆகியவற்றில் நுழைய மதம், இனம், ஜாதி, பால், பிறந்த இடம் காரணமாக எவரையும் தடுக்கக் கூடாது என்று அது கூறுகிறது. கவனியுங்கள், சாப்பாட்டுக் கடையையும் கேளிக்கை இடத்தையும் ஒரே வரியில் சேர்த்திருக்கிறார்கள்! இவ்விரண்டும் மனிதனின் கௌரவத்தோடு சேர்ந்தவை என்று சட்டம் எழுதியவர்களுக்குத் தெரிந்திருந்தது. அதன் பிறகும் 1957ஆம் ஆண்டில், ஹோட்டல் பெயர்ப் பலகையிலிருந்து ஒரு ஜாதியின் பெயரை நீக்கச் சொல்லித் திருவல்லிக்கேணியில் பெரியார் மாதக்கணக்கில் மறியல் நடத்த வேண்டியிருந்தது. டீக்கடை இரட்டைக் குவளையை எதிர்த்துக் கிராமங்களில் நடந்த போராட்டங்கள் எத்தனை, அவற்றில் விழுந்த அடிகள் எத்தனை! ஆகவே தாழ்த்தப்பட்ட தோழர் ஒருவர் தன் குடும்பத்தோடு ஹோட்டலின் நடு மேஜையில் உட்கார்ந்து இலை போட்டுச் சாப்பிடும்போது, அங்கே ஒரு நீண்ட போராட்டத்தின் பலனையும் அனுபவிக்கிறார்.

டிக்கெட் இலவசம், பொழுது இலவசமா?

“மதியக் கச்சேரிக்குப் பல சபாக்களில் டிக்கெட் கிடையாதே, யார் வேண்டுமானாலும் வந்து கேட்கலாமே?” என்று சபாக்காரர்கள் கேட்கக்கூடும். வாஸ்தவம். ஆனால் செவ்வாய்க்கிழமை பகல் இரண்டு மணிக்கு எந்த மில் தொழிலாளி வந்து உட்கார முடியும்? டிக்கெட் இலவசம்தான். பொழுது இலவசமில்லையே! வட சென்னையிலிருந்து வந்து இரவுக் கச்சேரி கேட்டு முடித்தால் திரும்பிப் போக பஸ்ஸுக்கு அலைய வேண்டும். கட்டணம் மட்டுமா தடை? தூரமும் நேரமும்கூடத் தடைதான். “இது நமக்கான இடமில்லை” என்று தோன்றச் செய்கிற பார்வைகளும் ஒரு தடை.

தடைகளை உடைக்கும் முயற்சிகளும் நடந்திருக்கின்றன. அவற்றை நாம் மனமாரப் பாராட்டுகிறோம். 2007ஆம் ஆண்டு பொங்கலையொட்டிச் சென்னை சங்கமம் விழா தொடங்கியது. பூங்காவிலும் கடற்கரையிலும் பறையும் ஒயிலாட்டமும் கரகமும் நாதசுரமும் கட்டணமின்றி நடந்தன. பக்கத்திலேயே பல வட்டாரத்துச் சாப்பாட்டுக் கடைகளும் இருந்தன. சில ஆண்டுகளில் நின்றுபோன அந்த விழா 2023 ஜனவரியில் மீண்டும் நடந்தது. 2010களின் நடுவில் டி. எம். கிருஷ்ணாவும் மற்றவர்களும் ஊரூர் ஆல்காட் குப்பத்து மீனவர்களோடு சேர்ந்து கடற்கரைக் குப்பத்திலேயே இசை விழா நடத்தினார்கள். 2020 டிசம்பரில் ‘மார்கழியில் மக்களிசை’ என்று, அதே மார்கழி மாதத்தில் பறைக்கும் கானாவுக்கும் ஒப்பாரிக்கும் பெரிய மேடை கிடைத்தது. சாவு வீட்டுக்கு மட்டுமே உரியது என்று ஒதுக்கப்பட்ட பறையை வாசிக்கிற மதுரை வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பட்டது. இவை எதைக் காட்டுகின்றன? பாட்டை ஜனங்கள் இருக்கும் இடத்துக்குக் கொண்டு வந்தால் ஜனங்கள் வருகிறார்கள். “அவர்களுக்கு ரசனை கிடையாது” என்ற பேச்சு பொய்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எந்தச் சங்கீதத்தையும் நாம் அந்நியமென்று தள்ளுவதற்கில்லை. ராகம் எந்த ஜாதிக்கும் பட்டா எழுதிக் கொடுக்கப்பட்ட நிலமல்ல. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடியைக் கேட்டு வாய்பேச்சற்று நின்ற கூட்டத்தில் மிராசுதாரும் இருந்தார், வண்டியோட்டியும் இருந்தார். கானாவும் நம்முடையது, கல்யாணி ராகமும் நம்முடையது. இரண்டையும் கேட்க நிதானமான ஒரு மாலை வேண்டும். அதுதான் நம் வழக்கு.

செய்ய வேண்டியது

2025 நவம்பர் 21ஆம் தேதி முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்ததாக மத்திய அரசு அறிவித்தது. தொழிற்சங்கங்கள் அவற்றை எதிர்த்து வருகின்றன. அந்தத் தொகுப்பிலும்கூட வாரத்தில் ஆறு நாட்களுக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்ற விதி இருக்கத்தான் செய்கிறது. ஏட்டில் உள்ள விதி ஆலைக்குள் நடந்து வராது. சங்கம் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போனால்தான் வரும்.

ஆகவே நாம் சொல்வது இதுதான். எட்டு மணி வேலையும் வார விடுமுறையும் எந்தச் சாக்கிலும் குறையக் கூடாது. ஓவர்டைம் என்பது தொழிலாளியின் சம்மதத்தோடு, இரட்டைக் கூலியோடு நடக்க வேண்டும். ஹோட்டல் தொழிலாளிக்குச் சுழற்சி முறையிலாவது சம்பளத்தோடு வாரம் ஒரு நாள் வேண்டும். நூற்பாலை விடுதிப் பெண்கள் ஓய்வு நாளில் தங்கள் விருப்பம்போல வெளியே போய் வரும் உரிமை வேண்டும். நகராட்சிகளும் ஊராட்சிகளும் தொழிலாளர் குடியிருப்புகளிலும் கிராமங்களிலும் ஞாயிறு மாலைகளில் இசை நிகழ்ச்சிகள் நடத்த வேண்டும். அதில் நாதசுரக்காரருக்கும் பறைக்காரருக்கும் தம்பூராக்காரருக்கும் நியாயமான சன்மானம் தரவேண்டும். கூட்டம் கலைந்து வீடு போக பஸ் விட வேண்டும்.

சர்க்கார் செய்யட்டும் என்று கை கட்டிக்கொண்டிருக்கவும் வேண்டாம். ஒவ்வொரு சங்கமும் மாதத்துக்கு ஒரு ஞாயிறை ஒதுக்கலாம். சங்க அலுவலகத்து மைதானத்திலோ, ஊர்ப் பொது இடத்திலோ எல்லாக் குடும்பங்களும் கூடட்டும். ஆளுக்குக் கொஞ்சம் அரிசி, பருப்பு, காய் கொண்டு வரட்டும். அன்றைக்கு ஆண்கள் சமைக்கட்டும், பெண்கள் முதல் பந்தியில் உட்காரட்டும். எந்தத் தெருக்காரர் என்று கேளாமல் ஒரே வரிசையில் இலை விழட்டும். சாப்பாட்டுக்குப் பிறகு நம்மில் பாடத் தெரிந்தவர் பாடட்டும், தப்பு அடிக்கத் தெரிந்தவர் அடிக்கட்டும், பக்கத்து ஊர் நாதசுர வித்வானைக் காசு கொடுத்து அழைத்து வருவோம். வட மாநிலத் தோழரையும் கூப்பிட்டு அவர் ஊர்ப் பாட்டைப் பாடச் சொல்வோம். சங்கக் கூட்டத்துக்கு வராத பெண்களும் பிள்ளைகளும் இதற்கு வருவார்கள். இலையில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் மறியலிலும் பக்கத்தில் உட்காருவார்கள்.

இது போராட்டத்திலிருந்து எடுத்துக்கொள்ளும் லீவு அல்ல. எதற்காகப் போராடுகிறோமோ அதன் ஒரு சிறு ருசி. நம் பிள்ளைகள் அந்த ருசியை அறிந்து வளர வேண்டும். அறிந்தவர்கள் அதை எவனுக்கும் விட்டுக் கொடுக்க மாட்டார்கள்.

தோழர்களே! நெல்லை விளைவித்தவர் நாம், நூலை நூற்றவர் நாம். விருந்துப் பந்தியிலும் கச்சேரிப் பந்தலிலும் நமக்கு முன்வரிசை இடம் உண்டு. அதைத் தயவாகக் கேட்க வேண்டியதில்லை, உரிமையாகவே கேட்போம்.